அண்ணாச்சி ஓட்டினால் மட்டும் மிஸ் அடித்த ஜீப்

நேற்றுக் காலை நம் ஷெட்டுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் இன்ஜின் மிஸ் அடிக்கிறது என்றார். உங்களில் ஒருவர் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல சார், நீங்க ஓட்டுற விதத்துலதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை அவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால் ராசையா அண்ணாச்சியின் ஜீப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டீ வரட்டும், சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, பட்டாளம் விட்டுப்போன ஜீப்புகளை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்த காலம். நான் அப்போது தூத்துக்குடி கடற்கரைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தேன். வேலை எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. பிடிபட்டுவிட்டது என்ற நினைப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ராசையா அண்ணாச்சி ஊருக்குத் தெற்கே உப்பளம் வைத்திருந்தார். நல்ல உயரம். உயரத்தோடு போட்டி போடும் அகலம். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சிரித்தால் பக்கத்துக் கடையில் தராசுத் தட்டு ஆடும் என்று சொல்வார்கள். அவரும் ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்து வந்தார். அதை ஓட்டுவதற்கு சுடலை என்று ஒரு டிரைவர். சுடலை ஒட்டடைக் கம்புக்குச் சட்டை போட்டதுபோல் இருப்பான்.

கொஞ்ச காலம் கழித்து அண்ணாச்சிக்குத் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தலை நரைத்த பிறகு வந்த ஆசை. உப்பளத்து மண் பாதையில் சுடலையிடமே கற்றுக்கொண்டார். கியர் பிடிபட்ட அன்று கடைத்தெருவில் தெரிந்தவர் கடை ஒவ்வொன்றுக்கு முன்னாலும் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு வண்டி சரிசெய்து கொடுத்திருக்கிறேன். வண்டி ஓட்டுவதில் ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடும். திருச்செந்தூர் ரோட்டிலோ எட்டயபுரம் ரோட்டிலோ கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் மிஸ் அடிக்கும். வண்டி குலுங்கும். கார்புரேட்டரில் டப் டப் என்று வெடிக்கும். கடைசியில் நின்றுவிடும். அண்ணாச்சி கோபத்தோடு இறங்கி, "நீயே ஓட்டுலே" என்று சுடலையிடம் விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

சுடலை இதைச் சும்மா விடுவானா? "அண்ணாச்சி ஆக்சிலேட்டர மிதிக்கல, சவட்டுதாரு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அண்ணாச்சி ஏறினால் வண்டிக்கு இருமல் வந்துவிடுகிறது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அவர் ஜீப்பில் போகும்போது யாராவது ஒருவன் ஓரமாக நின்று இருமிக் காட்டுவான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் போவார். ஆனால் கடைகளுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

வண்டி என்னிடம் வந்தது. பிளக்குகளைச் சுத்தம் செய்தேன், பிறகு மாற்றினேன். பாயிண்ட்டைத் தேய்த்தேன். கண்டன்ஸரையும் காயிலையும் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். ஒவ்வொரு தடவையும் நானே ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. அண்ணாச்சியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் அது. சோதனைக்கு என்று நாலு தெரு சுற்றலாம், அதற்கு மேல் முடியாது. அவர் கால் அப்படி ஒன்றும் மோசமாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள்தானே என்று எனக்குள்ளும் ஓர் எண்ணம் வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் விளாத்திகுளத்தில் கல்யாணம் வந்தது. அண்ணாச்சியின் அக்கா மகள் பொன்னுத்தாய்க்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். இவர் சீர் கொண்டுபோய், மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணவறைக்கு வர முடியும். பொன்னுத்தாய்க்கு மாமா மேல் உயிர். "மாமா, நீங்க ஜீப்ப ஓட்டிட்டு வாரத நான் பாக்கணும். சுடலை ஓட்டி நீங்க பக்கத்துல உக்காந்து வந்தா, நான் எந்திரிக்க மாட்டேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். "எலே மிக்கேலு, நீயும் என்கூட வா. நீ பக்கத்துல இருந்தாலாவது அந்தக் கழுதைக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

பாத்திரம் பண்டங்களோடு சுடலையை முதல் நாளே பஸ்ஸில் அனுப்பிவிட்டார். கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் நாங்கள் மூன்று பேர் புறப்பட்டோம். பட்டு வேட்டியோடு அண்ணாச்சி ஸ்டியரிங்கில். அந்த ஜீப்பில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் நான். பின்னால் அவர் மனைவி செல்லக்கனி அக்கா, மடியில் புடவைத் தட்டு, காலடியில் ஈரத் துணியில் சுற்றிய மாலைக் கூடை. டேங்க்கை நிறைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உப்பளங்களைத் தாண்டினோம். பனைகள் வந்தன. தை மாதக் குளிர் காற்று முகத்தில் அடித்தது. அண்ணாச்சி மெல்லப் பாட ஆரம்பித்தார். அக்கா பின்னாலிருந்து, "பாட்டு வேண்டாம், ரோட்டப் பாருங்க" என்றார். வேப்பலோடையைத் தாண்டியதும் இன்ஜின் ஒருமுறை இடறியது. பாட்டு நின்றது. இன்னொரு இடறல். பிறகு டப் டப் என்று வெடித்து, குலுங்கி, நின்றேவிட்டது.

அண்ணாச்சி இறங்கிப் போய் ஒரு பனை நிழலில் நின்றார். நான் பாய்ந்து பானெட்டைத் திறந்தேன். கல்யாண நேரம், மனுஷன் முகம் வாடி நிற்கிறார், கை சும்மா இருக்குமா? சூடு ஆறாத பிளக்கைக் கழற்றி விரலைச் சுட்டுக்கொண்டேன். துடைத்து மாட்டினேன். பாயிண்ட்டை இரண்டு இழுப்பு தேய்த்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தினால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"பாயிண்ட்டுல அழுக்கு அண்ணாச்சி, சரியாப் போச்சு" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

தம்பிகளே, இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு வேலை செய்கிறீர்கள், அதற்குப் பிறகு வண்டி ஓடுகிறது. உங்கள் வேலையால்தான் ஓடுகிறது என்பதற்கு என்ன சாட்சி? நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம் அல்லவா? அன்று அது என் புத்தியில் உறைக்கவில்லை.

குளத்தூர் தாண்டி கரிசல் காட்டுக்குள் போனோம். இரண்டு பக்கமும் கம்பு அறுவடை நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி பாட்டை மறுபடி எடுத்தார். நடுப் பாட்டில் வண்டி இடறியது. குலுங்கியது, வெடித்தது, நின்றது.

இந்தத் தடவை அண்ணாச்சி இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறுப்பு வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

"சுடலை சொன்னது சரிதாம்லே" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "எனக்கு இது வராது. இந்த வயசுல வராதத வா வான்னு இழுத்துட்டுக் கெடந்தேன்."

அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். "தம்பி, நீயே ஓட்டிருய்யா. முகூர்த்தம் தப்பிரப்படாது. பிள்ளை எதிர்பாத்துட்டு இருப்பா."

அது சுலபமான வழி. நான் ஓட்டினால் வண்டி ஓடும் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குப் போய்ச் சேரலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. இத்தனை நாளும் என் கைக்குச் சிக்காமல் போக்குக் காட்டிய பழுது, இப்போதுதான் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இதை விட்டால் இனி எப்போது?

"கொஞ்ச நேரம் குடுங்க அக்கா. முடியலைன்னா நானே ஓட்டுதேன்" என்றேன்.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். பிடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். போன தடவை பிடித்த இன்ஜின் இந்தத் தடவை ஏன் பிடிக்கவில்லை?

பானெட்டைத் திறந்தேன். ஸ்பானரை எடுக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் கை தானாகப் பிளக்குக்குப் போய்விடும். வெறுமனே பார்த்தேன். பெட்ரோல் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் விளிம்பு வரை பெட்ரோல் நிற்க வேண்டும். அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. ஆக, பிளக்கும் பாயிண்ட்டும் தருகிற நெருப்பில் பழுதில்லை. பெட்ரோல் வரவில்லை. இத்தனை நாளும் நான் நெருப்புப் பக்கமே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். டேங்க்கோ என் கண் முன்னால் நிறைத்தது. பிறகு ஏன் வரவில்லை?

அந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் மூடி தெரியும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. டேங்க்கப் பாக்கணும்."

"நான் எறங்கலலே. எறங்குனா பொறவு ஏற மாட்டேன்."

"எறங்க வேண்டாம். எந்திரிச்சு நின்னாப் போதும்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். எழுந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம்.

என் அப்பா சங்கு குளித்தவர். சின்ன வயதில் தோணியில் உட்கார்ந்து அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியதும் முதல் மூச்சை இழுக்கிற சத்தம் இப்படித்தான் இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "மாதாவே!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

சீட்டு மெத்தையைத் தூக்கித் திருப்பினேன். பட்டாளத்து சீட்டு கிழிந்து ஸ்பிரிங் போய்விட்டது என்று, அண்ணாச்சி ஓட்டக் கற்றுக்கொண்டபோது செல்லக்கனி அக்காவே தன் கையால் தைத்துக் கொடுத்த மெத்தை அது. மேலே சிவப்பு வெல்வெட், உள்ளே இலவம்பஞ்சு. மெத்தையின் அடிப்பக்கத்தில், சாக்குத் துணியில், டேங்க் மூடியின் அச்சு வட்டமாக அப்படியே பதிந்திருந்தது.

உங்களுக்கு விளங்கியிருக்கும். மூடியில் ஒரு பொட்டுத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பம்ப் பெட்ரோலை இழுக்க முடியும். மெத்தை அந்தத் துளையை அடைத்துவிடுகிறது. நாலு தெரு சுற்றும்போது தெரியாது. தூரம் போனால் டேங்க்குக்கு மூச்சு முட்டி, பெட்ரோல் வராமல் நின்றுவிடுகிறது. இறங்கியதும் காற்று உள்ளே போய்விடுகிறது, வண்டி பிடித்துக்கொள்கிறது. முதல் தடவை என் பாயிண்ட் வேலை ஒன்றும் செய்யவில்லை. அண்ணாச்சி பனை நிழலுக்குப் போனதுதான் வேலை செய்தது.

காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்வது எப்படி? ஒரு பக்கம் அக்கா ஆசையாகத் தைத்த மெத்தை. இன்னொரு பக்கம் அண்ணாச்சியின் உடம்பு. இரண்டில் எதைச் சொன்னாலும் ஒருவர் மனம் நோகும். கல்யாணத்துக்குப் போகிற வழி வேறு. நான் வார்த்தையைத் தேடினேன்.

"மெத்தை நல்ல இறுக்கமாத் தச்ச மெத்தை அண்ணாச்சி. அதான், டேங்க் மூடியில உள்ள காத்துத் துளைய லேசா அடைச்சிருது."

அண்ணாச்சி யோசித்தார். உப்பு வியாபாரி, சும்மா விடுவாரா? "அப்போ சுடலை ஓட்டுதப்ப ஏம்லே அடைக்கல? அதே மெத்தைதான்."

இனி ஒளிக்க இடமில்லை.

"சுடலை உக்காந்தா அது மெத்தைக்கே தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

 பின் சீட்டிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம். செல்லக்கனி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் அண்ணாச்சியைப் பார்க்கப் பயந்து பெட்ரோல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலே, இங்கன பாரு" என்றார் அண்ணாச்சி. "அப்போ என் காலு?"

"உங்க காலுல ஒரு குத்தமும் இல்ல."

"நான் ஓட்டுதது?"

"நல்லாத்தான் ஓட்டுதீங்க."

"ஏளா செல்லக்கனி! கேட்டியா? என் காலுல குத்தம் இல்லயாம்! நான் நல்லாத்தான் ஓட்டுதேனாம்! உக்காருததுதான் கூடிப் போச்சு!"

அவர் சிரித்த சிரிப்பில் அறுப்பு வயலில் கொக்கு எழுந்து பறந்தது. நான் அவரை எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்! உடம்பைப் பற்றிச் சொன்னால் அவர் புண்படுவார் என்று நினைத்தேன். அவர் உடம்பு அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாற்காலியையும் அழுத்திப் பார்த்துவிட்டு உட்காருகிற மனுஷன். தனக்கு ஓட்ட வராது என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் மனதில் எது வலிக்கிறது என்று நாமாக முடிவு செய்துகொண்டு, பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. முழுசாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதுதான் மருந்தாக இருக்கும்.

"மெத்தைய வெட்டணுமா தம்பி?" என்று அக்கா கேட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"வேண்டாம் அக்கா. மூடிக்கு ரெண்டு பக்கமும் உசரமா எதாவது வச்சு, அது மேல மெத்தையப் போட்டாப் போதும். காத்து போக வழி வேணும், அவ்வளவுதான்."

கட்டை எதுவும் கையில் இல்லை. அண்ணாச்சி ரோட்டோரத்தைப் பார்த்தார். காய்ந்த பனைமட்டைகள் கிடந்தன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து இறங்கினார். இறங்க மாட்டேன் என்றவர்தான்.

"கத்தியக் குடுலே. மட்டை சீவ நீ எனக்குச் சொல்லித் தராதே. நான் பனங்காட்டுல பொறந்தவன். நீ போய் வண்டியப் பாரு."

உட்கார்ந்து, ஓரத்தில் ரம்பம்போல் இருக்கும் கருக்கைச் சீவி, அளவு பார்த்து நறுக்கி, இரண்டு துண்டுகளை என்னிடம் நீட்டினார். உப்பளத்து முதலாளி என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான சீவல். மூடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து, மேலே மெத்தையைப் போட்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் தரையில் மண்டியிட்டு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மூடிக்கும் மெத்தைக்கும் நடுவில் என் விரல் தாராளமாகப் போய்வந்தது.

"மூச்சு விடுதாலே?" என்றார்.

"விடுது அண்ணாச்சி."

கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. இன்ஜின் பிடித்தது. அதற்குப் பிறகு விளாத்திகுளம் போய்ச் சேரும்வரை அவர் பாட்டை நிறுத்தவில்லை. அக்காவும் நிறுத்தச் சொல்லவில்லை.

பந்தல் வாசலில் கூட்டம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணாச்சியின் அக்கா அழுகிற நிலையில் இருந்தார். அண்ணாச்சி தெரு முனையிலேயே ஹாரனை அழுத்தியவர், பந்தல் வரைக்கும் கையை எடுக்கவில்லை. ஜன்னலில் பொன்னுத்தாயின் முகம் தெரிந்தது. அலங்காரத்தோடு அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்ததை நான் பார்த்தேன்.

"ஏம்யா இவ்வளவு நேரம்?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

நான் ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள், அண்ணாச்சி ஜீப்பில் எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "வண்டியோட மூக்கு மேல உக்காந்துட்டேன்யா! பாவம், அதுக்கு மூச்சு முட்டிட்டு!"

சிரிப்பு பந்தலைத் தாண்டிச் சமையற்கட்டு வரை போயிற்று. சுடலை கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அண்ணாச்சி அவனைப் பார்த்துவிட்டார். "எலே சுடலை, என் காலுல குத்தம் இல்ல, மிக்கேல்கிட்டக் கேட்டுக்கோ! நீ மொதல்ல போய் நல்லாச் சாப்பிடு. மெத்தைக்கு நீ இருக்கதே தெரியலியாம்!"

முகூர்த்தம் தப்பவில்லை. அண்ணாச்சி மாலை போட்டு, கையைப் பிடித்து, பொன்னுத்தாயை அழைத்துவந்தார். மணப்பெண் தலையைக் குனிந்து வர வேண்டும் என்பார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள்.

மாலையில் பெண் மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் கார் ஒன்றைப் பூச்சுற்றி நிறுத்தியிருந்தார்கள். பொன்னுத்தாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே ஏறினார். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். நான் பானெட்டில் ஒரு கையை வைத்தபடி பக்கத்தில் நடந்தேன். மனிதர் நடக்கும் வேகத்தில் ஜீப் ஊர்ந்தது. அந்த வேகத்தில் ஓட்டுவதற்குக் கால் எவ்வளவு சொன்னபடி கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு குலுக்கல் இல்லை. உள்ளங்கையில் இன்ஜின் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

மேலத்தெரு முடிந்தது, கீழத்தெரு முடிந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முக்கில் அண்ணாச்சி திரும்பவில்லை, நேரே விட்டார். "மாமா, இன்னும் ஒரு தெரு!" என்று பின்னாலிருந்து பொன்னுத்தாயின் குரல். மாப்பிள்ளை வீட்டார் கையைக் காட்டிப் பார்த்தார்கள். யார் கேட்டது? நாதஸ்வரக்காரர் கடைசியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சோடா வாங்கிக் குடித்தார். ஜீப் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.